அருளாயி வீட்டில் சொல்லப்படாத செபம்

அரியலூர் ரயிலடியில் நின்றிருந்தபோது ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "நம்ம சவரிமுத்து உபதேசியார் போயிட்டாருங்க. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு." பத்திரிகைக்காக ஊர் ஊராகச் சாவு விசாரித்தவன் நான். இவர் சாவுக்குப் போய்ச் சேரவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பூசை வைக்கும் பங்குச் சாமியார் எப்போதாவது வருகிற ஊரில், மற்ற நாளெல்லாம் மாதா கோயிலில் செபம் நடத்தியவர். சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் நல்ல மரணச் செபம் சொல்வதும் அவர் பொறுப்பு. அதைத் தொடங்கிவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார் என்று ஊரார் நம்பினார்கள். அவர் தெருவில் வந்தாலே முகம் மாறும். "பயப்படாத, ஒன் வூட்டுக்கு இல்ல. மோர் வாங்கப் போறேன்" என்பார்.

யுத்த காலத்துக் கோடை ஒன்றில் வாந்திபேதி பரவியது. செய்தி எழுதப் போன நான் அவருடன் அருளாயி வீட்டுக்குச் சென்றேன். உள்ளே அவள் கணவன் சின்னப்பன் பாயோடு ஒட்டிக் கிடந்தான். அவள் வாசலை மறித்தாள்.

"அந்தச் செபத்த எடுக்காதீங்க உபதேசியாரே. எடுத்தா செத்துடுவாரு. சும்மா வேணா உக்காருங்க."

உட்கார்ந்தார். நோயாளியின் வாயைத் துடைத்தார், கஞ்சித் தண்ணீர் ஊட்டினார், கையைப் பிடித்துக்கொண்டார். உதடுகூட அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் சின்னப்பன் இறந்தான்.

கல்லறையிலேயே, எல்லார் முன்னிலும் அருளாயி கேட்டாள்: "நான் பயத்துல சொன்னேன். ஒங்க புத்தி எங்க போச்சு? ஒரு செபம் இல்லாம அனுப்பிட்டீங்களே."

"ஆமா தாயி" என்றார்.

திரும்பும் வழியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் செபம்தானே என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"அப்படின்னு நான் சொல்லிக்கலாம் சார். அவ சொல்லணுமே."

அதன்பின் அவர் நடத்திய செபத்துக்கு அருளாயி வந்ததே இல்லை. மாலையில் கோயில் காலியானதும் அவர் தனியே முழங்காலிட்டு, சின்னப்பனுக்காக அந்தச் செபத்தைச் சொல்வார். மறுபடி அந்த ஊருக்குப் போன ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இப்போது சொன்னால் போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"சேருதுன்னு தெரிஞ்சுட்டா நிறுத்திடுவேன் சார். தெரியாததாலதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

உபதேசியாரின் அடக்கத்துக்கு அருளாயி வந்தாளா என்று ரயிலடியில் அந்த ஆண்டிமடத்துக்காரரிடம் விசாரித்தேன். "பெட்டி தெருவத் தாண்டுற வரைக்கும் வெளிய நின்னு பாத்துச்சு. கூட வரல."

எனக்குச் செபம் நன்றாக வராது. பதில் தெரியாமல் முழங்காலிட்டிருந்த அந்த முதுகை நான் மனதில் வைத்துக்கொள்கிறேன்.