ஜூலிக்கு முந்திய பெயர்

எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எதற்கும் பெயர் வைத்ததில்லை. எனக்கே பெயர் வைத்தபோது நான் கைக்குழந்தை, அதை விட்டுவிடலாம். தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. நல்ல பெயராக மூன்று யோசித்து வைத்திருந்தேன். கோயில் ஐயர் நட்சத்திரம் பார்த்து ஓர் எழுத்தைச் சொன்னார்; அப்பா அந்த எழுத்தில் தொடங்கும் தன் முதலாளி மகனின் பெயரைத் தூக்கி அவனுக்கு வைத்துவிட்டார். அதனால் என் பத்தாவது வயதில் ஒரு நாய்க்குப் பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதையும் கேலிக்கூத்தாக்கினார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாயைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் குடும்பம் இருந்தது. அப்பா சின்ன வயதிலேயே கண்டிக்கு வந்து ஒரு புடவைக்கடையில் சேர்ந்துவிட்டவர். ஆகவே நாங்கள் டவுன்காரர்கள், அவர்கள் தோட்டத்துக்காரர்கள். இந்த வித்தியாசத்தை வேறு யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை, நான் நினைத்தேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார், பெரியப்பா இந்தியாவுக்கு. பெரியப்பாவுக்கு முதலில் பதில் வந்துவிட்டது. கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கே கப்பல் ஏறவேண்டும். நாயைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு மரக்கறி லொறியில் அதை ஏற்றிக்கொண்டு அவர் வந்து இறங்கினார். செம்மண் நிறத்துப் பெட்டை நாய். நான் கடைசியாகத் தோட்டத்துக்கு லீவுக்குப் போயிருந்தபோது அது அங்கே இல்லை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து விழும்.

“இதுக்கு என்னா பேருங்க, பெரியப்பா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். “நாய்க்கு என்னாத்த பெரிய பேரு. நீங்களே ஒண்ணு வச்சிக்கங்க” என்றார்.

“அப்ப நீயே வை” என்று அப்பா என்னிடம் சொன்னார். எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பிறகு யாரும் மறுக்க முடியாதபடி நான் அதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து நாள் யோசித்தேன். சமயபாடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதி எழுதி அடித்தேன். லட்சுமி என்றால் சாமி பெயரை நாய்க்கு வைப்பதா என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். ஜிம்மி என்று வைக்கச் சொல்லித் தம்பி அழுதான்; அவனுக்கு ஆண் பெயர், பெண் பெயர் என்ற ஒரு வித்தியாசமும் கிடையாது. கடைசியில் ஜூலி என்று முடிவு செய்தேன். ஜூலி எங்கள் வகுப்பில் படித்த டாக்டர் மகள். வெள்ளைச் சப்பாத்தும் முழங்கால் வரை மேசும் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிற ரிப்பனோடு வருவாள். என்னோடு அவள் மொத்தமாக இரண்டு தரம் பேசியிருப்பாள். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதற்கே எனக்கு ஆசையாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை முறைப்படி பெயர் வைத்தேன். தம்பிக்குச் செய்தது போலவே நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்து, காதருகில் குனிந்து மூன்று தரம் “ஜூலி, ஜூலி, ஜூலி” என்று சொன்னேன். மூன்றாவது தரம் அது தலையை உதறியதில் சீனித் தண்ணீர் முழுவதும் என் சட்டையில். லேனில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் டொபி கொடுத்தேன். என்னுடைய சேமிப்பு டொபி.

அதற்குப் பிறகு அந்த நாய் செய்ததுதான் அநியாயம். ஜூலி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்டால் மட்டும் வரும். மற்ற நேரமெல்லாம் கேட்டடியில் படுத்து லேன் முனையையே பார்த்துக்கொண்டிருக்கும். தோட்டத்து நாய்க்கு டவுன் பெயர் பிடிபட நாளாகும் என்று லேன் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லி வைத்தேன்.

கோச்சிக்கு முதல் நாள் பெரியப்பா குடும்பம் பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டில் தங்க வந்தது. நான் கேட்டடியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு கல் விளையாடிக்கொண்டிருந்தேன். லேன் முனையில் பெரியப்பா மகள் தெரிந்தாள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள், ஒல்லி, எண்ணெய் வடியும் தலை. அங்கிருந்தே அவள் “செல்வி” என்று கூப்பிட்டாள்.

செல்வி நான். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதுதான் பெயர். கையில் இருந்த கல்லைப் போட்டுவிட்டு எழுந்தேன். என் காலுக்கிடையில் ஏதோ பாய்ந்தது. நான் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், ஜூலி நாலுகால் பாய்ச்சலில் ஓடிப்போய் அவள் மேல் ஏறி, அவள் முகத்தையெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து “செல்வி, செல்வி, என் செல்வி” என்று அதைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

லேன் பிள்ளைகள் என்னையும் பார்த்தார்கள், நாயையும் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். எப்படிச் சிரித்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. என் டொபியைத் தின்ற வாய்கள் அவை.

“நாய்க்கு என் பேரா வச்ச?” என்று அவளிடம் நேராகவே கேட்டேன்.

“ஆமா” என்றாள். கொஞ்சம்கூட வெட்கமில்லை. “நல்ல பேருன்னுதான் வச்சேன்.”

உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் முறையிட்டேன். அப்பாவும் பெரியப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் இருவருக்கும் சிரிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது போலும். அதற்கு என் மானம்தானா கிடைத்தது? பெரியம்மா மட்டும் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “கோவிச்சுக்காத தாயி. காலையில எந்திரிச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் செல்வி செல்வின்னு அது பேரதான் சொல்லிக்கிட்டு இருப்பா” என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இரட்டிப்பானது. அப்படியானால் நாள் முழுக்க என் பெயரைச் சொல்லி அந்த நாயை அதட்டியிருக்கிறாள், விரட்டியிருக்கிறாள், எச்சில் சோறு போட்டிருக்கிறாள்.

“அதோட பேரு ஜூலி. நீதான் அதுக்குப் பழக்கணும். பழக்காட்டி நான் ஒன்கூட பேச மாட்டேன்” என்று பெரியப்பா மகளிடம் தீர்ப்புச் சொன்னேன்.

 “ஜூலின்னா யாரு?”

“எங்க கிளாஸ் புள்ள.”

“ஒனக்கு அவள ரொம்பப் புடிக்குமா?”

“ரொம்ப.”

அவள் தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடம் போய் ஒரு துண்டு பாண் வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அவள் கண்டிக்கு வந்ததே இரண்டாவது தரம்தான். அப்பா எல்லாரையும் வாவிக்கரைக்குக் கூட்டிப்போனபோதும் அவள் வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோதும் பின்வாசல் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். பாணைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, “ஜூலி, வா. ஜூலி, இந்தா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாய் திருதிருவென்று விழித்தது. ஒரு தரம் அவள் வாய் தவறி செல்வி என்று சொல்ல, அது துள்ளி எழுந்து வந்தது. அவள் பாணைக் கொடுக்காமல் கையை மூடிக்கொண்டாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, ஒழுங்காகச் செய்கிறாளா என்று கண்காணித்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் ஸ்டேசனுக்குப் புறப்பட்டார்கள். நான் வரமாட்டேன் என்றேன். அம்மா அதட்டினாள், கெஞ்சினாள், தொடையில் கிள்ளினாள். நான் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. பழக்கினால் பேசுவேன் என்றுதான் சொன்னேனே தவிர, ஸ்டேசனுக்கு வருவேன் என்று சொல்லவில்லையே. கோச்சிக்கு நேரமாகிவிட்டதால் பக்கத்து வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியப்பா மகள் கேட்டடியில் நாயின் தலையைத் தடவியபடி சற்று நின்றாள். அப்போதும் நான் வெளியே வரவில்லை.

மத்தியானம் அம்மா கண் வீங்கித் திரும்பி வந்தாள். ஸ்டேசன் முழுக்க அழுகைதானாம். யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றே தெரியவில்லையாம். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

“ஜன்னல்ல எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு அந்தப் புள்ள” என்றாள் அம்மா. “ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சேன். கோச்சி எடுக்கிற நேரத்துல, ‘ஜூலின்னு கூப்பிட்டா இப்ப வருது, செல்விகிட்ட சொல்லிருங்க சின்னம்மா’ன்னு சொல்லுச்சு.”

நான் உடனே பின்வாசலுக்குப் போய்ச் சோதித்தேன். ஜூலி என்றேன். நாய் எழுந்து, மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நின்றது.

பெரியப்பா இருந்த லயத்து வரிசை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டார்கள், கடைசி ஒரு வருடம் பூட்டிய கதவுகளுக்கு நடுவில் அவள் வயதில் அங்கே ஒரு பிள்ளையும் இருக்கவில்லை என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தவை. பள்ளிக்கூட லீவுக்குப் போய்ப் பத்து நாளில் பஸ் ஏறிவிடுகிற என்னை, மிச்ச நாளெல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லி அழ அவள் முகவரி என்னிடம் இருக்கவில்லை. பெரியப்பாவின் கடிதங்கள் எப்போதோ நின்றுபோயிருந்தன. அன்றைக்குப் பின்வாசலில் நின்றபோது எனக்கு அழுகை எதுவும் வரவில்லை. இனி இந்த வீட்டில் செல்வி என்றால் நான் ஒருத்திதான் என்று நிம்மதியாக இருந்தது.