சிறப்பு விருந்தினர் நின்ற இடம்

ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று என் மகள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் மருத்துவம், கம்ப்யூட்டர் என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் விடிகாலையில் எழுந்து பனியில் ஓடினாள். இந்த எண்ணம் போய்த் தொலைந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். இந்த ஊர்க் கோயிலில் அத்தனை உடைக்க விடுவார்களா என்றுகூட யோசிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து ஊரில் இருந்த ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர். கறுப்பினப் பெண்மணி. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் படிப்படியாக ஏறி, அந்தப் பிரிவில் ஜெனரல் ஆன முதல் கறுப்பினப் பெண். மகள் அவருக்கு மெயில் மேல் மெயில் எழுதி, எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். நான்தான் வரவேற்புக் குழு. சீருடையில் அவர் இருக்கும் படத்தைப் போஸ்டராக அடித்து, விழா நடக்கும் பள்ளிக்கூட அரங்கின் கதவில் என் கையாலேயே ஒட்டினேன்.

விழாவன்று அந்தக் கதவுக்கு முன்னால் மேஜை போட்டு, பன்னீர்ச் செம்பு, சந்தனம், கல்கண்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். வெளியே நம் ஜனம் வழக்கம்போல, தீயணைப்பு வண்டிக்காகக் காலியாக விட வேண்டிய ஃபயர் லேனில் காரை விட்டுவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்த செக்யூரிட்டியைக் காணோம். பள்ளிக்கூடத்து ஆள் இரண்டு தரம் வந்து கத்திவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தலை வெடித்தது.

அப்போது கறுப்புக் கோட்டும் பேண்ட்டும் போட்ட கறுப்பினப் பெண் ஒருவர் தனியாக நடந்து வந்தார். வாயைத் திறக்கக்கூட நான் விடவில்லை. இவ்வளவு லேட்டாக வந்தால் எப்படி, முதலில் அந்தக் கார்களை எடுக்கச் சொல்லுங்கள் என்று பொரிந்து தள்ளி, மேஜைக்கு அடியில் இருந்த மஞ்சள் நிற பார்க்கிங் சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “யெஸ், மேடம்” என்று சொல்லி அதை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கால் மணி நேரத்தில் ஃபயர் லேன் காலி. பரவாயில்லையே, வேலை தெரிந்தவள் என்று நினைத்தேன். அதன் பிறகு நீலக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். ஜெனரலின் கணவராகத்தான் இருக்கும் என்று எழுந்து நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்தேன். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, மன்னிக்கணும், டிராஃபிக், நான்தான் செக்யூரிட்டி என்றார்.

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். போஸ்டரில் இருந்த அதே முகம், வெளியே மஞ்சள் சட்டையில் கையசைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மகள் நின்று, அழாத குறையாக அந்தச் சட்டையைக் கழற்றித் தரும்படி கெஞ்சிக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் பணிப்பெண் என்று நினைத்து என்னிடமே காபிக் கோப்பைகளை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றுவரை அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேடையில் அவர் தன் சர்வீஸைப் பற்றிப் பேசினார். லெப்டினன்ட்டாகப் பதவி உயர்ந்து போய் இறங்கிய முதல் நாள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். கர்னலாக இருந்தபோது ஹோட்டல் வாசலில் யாரோ காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கதை. கூட்டம் சிரித்தது. அடுத்தது என் கதைதான் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை.

முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் நீங்கள் யாரென்று சொல்லவில்லை என்றேன். வழி அடைத்திருந்தது உண்மைதானே, யாராவது சரிசெய்ய வேண்டியிருந்தது என்றார். பிறகு, “ஒவ்வொரு புரமோஷன் வந்தபோதும், இதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இப்போது நினைப்பதை விட்டுவிட்டேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மகள் ஓடுவதை நிறுத்தினாள். ராணுவக் கல்லூரிக்கு அனுப்ப வைத்திருந்த விண்ணப்பத்தையும் அனுப்பவில்லை. நான் செய்த தப்புக்கு நீ ஏன் விட வேண்டும், போ, அனுப்பு என்று, அவள் போகக் கூடாதென்று வேண்டிக்கொண்ட நானே கெஞ்சினேன். எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், எனக்கு நன்றாகப் புரியட்டும் என்றோ என்னவோ, அன்று தமிழில் சொன்னாள்.

“அவங்க அவ்ளோ மேல போயும் நீ அவங்களை அப்படித்தானேம்மா பாத்தே. நீ கெட்டவ இல்ல. கெட்டவ இல்லாத நீயே அப்படிப் பாத்தா, அங்க என்னை யாரு வேற மாதிரி பாப்பாங்க?”

அவள் இப்போது கம்ப்யூட்டர் படிக்கிறாள், தெருவில் எல்லோரையும்போல. வேண்டுதல் பலித்துவிட்டது. பிள்ளையார் முன்னால் போய் நிற்கத்தான் எனக்கு முகமில்லை.