கட்டிலடிக் கிடங்கு

"தம்பி, காலைக் கொஞ்சம் மேல தூக்கு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, நான் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளினார் அண்ணி. பாதி போனதும் அது என் பழைய சூட்கேஸில் முட்டியது. சூட்கேஸை வெளியே இழுத்து என் மடியில் வைத்துவிட்டு, பெட்டியைச் சுவர் வரைக்கும் உள்ளே அனுப்பினார். வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

அண்ணி குடைப் பட்டறை நடத்துகிறார். துணி உள்ளூரிலேயே கிடைக்கும். வெட்டித் தைக்கப் பட்டறையில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். கம்பி, பிடி, ஸ்பிரிங் மூன்றும் மட்டும் கடல் தாண்டி வரவேண்டும். மழைக்கு முன்னால் கப்பல் வந்தால் பிழைப்பு ஓடும். "பின்னால வந்தா, நான் கட்டின குடையை நானே பிடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்" என்பார்.

போன வருடம் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. கம்பி வந்தது, பிடி வந்தது. விரித்த குடையைத் தாங்கி நிறுத்துகிற விரல் நீள ஸ்பிரிங் மட்டும் வேறொரு கன்டெய்னரில் ஏறி, ஏதோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. தைத்து முடித்த குடைகளை விரித்தால் நிற்காமல் தலைமேல் கவிழ்ந்தன. வெளியே கொட்டுகிற மழை, உள்ளே விற்க ஒரு குடை இல்லை. தையல் பெண்களில் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி.

"நாளையிலேருந்து வரவேணாம்னு என் வாயாலேயே சொன்னேன் தம்பி. அவ சரிக்கான்னு தலையை ஆட்டிட்டுப் போனா. மறுநாள் பழக்கத்துல வந்து கதவுகிட்ட நிக்கிறா. அப்புறம்தான் ஞாபகம் வந்து திரும்பிப் போனா." இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணியின் குரல் இறங்கிவிடும். கப்பல் வந்ததும் இரண்டு பேரையும் வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தார். ஆனாலும் அந்தக் கதவோரம் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி விநியோகம். பட்டறையில் இடம் இல்லை, கூரையும் ஒழுகும். ஆகவே கையில் கொஞ்சம் பணம் புரளும்போதெல்லாம் கூடுதலாகச் சரக்கு வாங்கி, உறவுக்காரர் வீட்டுக் கட்டில்களுக்கு அடியில் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று சாமானும் சரிசமமாக இருக்கும். "கம்பி ஒரு வீட்டுல, ஸ்பிரிங் இன்னொரு வீட்டுலன்னு வெச்சா மறுபடியும் அதே கூத்துதான்." வெளிநாட்டு ஆர்டரையும் இரண்டாகப் பிரித்து இரண்டு கப்பலில் போடச் சொல்லிவிட்டார். துடைப்பம் உள்ளே நுழையவில்லை என்று என் மனைவி முணுமுணுக்காத நாள் இல்லை. இந்த அம்மாளுக்குப் பயம் முற்றிப்போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த வருடம் முதல் கப்பல் பாதி வழியில் நின்றுபோனது. துறைமுகத்தில் நெரிசலாம். சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். அண்ணி அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார். "நாளைக்கு போன் பண்ணான், நாளைக்குன்னு சொன்னான்" என்று அவர் சொன்னால் எங்களுக்குப் புரிந்துவிடும். அண்ணி கடைக்காரர்களையும் முன்கூட்டியே கூப்பிட்டு, "மொதல்ல பாதிதான் தருவேன், மீதி பின்னால. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கோச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவைத்தார். அந்த நாட்களில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "அது அங்க நடுக்கடல்ல நிக்குது, நான் மட்டும் உக்காரவா?" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. அண்ணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திரும்ப வாங்கினார். சித்தப்பா தன் பங்குப் பெட்டியின் மேல் டிவியை ஏற்றி வைத்திருந்தார். "மேட்ச் முடியட்டும்மா" என்றார். அண்ணி டிவியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகப் பிரிந்து குடைகளாகக் கடைக்குப் போனது. சாயங்காலமானால் அந்தக் கைக்குழந்தைக்காரி, "அக்கா, நாளைக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள். "வா" என்பார் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியாக மிஞ்சியது எங்கள் கட்டிலடிப் பெட்டி. அதை எடுக்க அண்ணி வந்த அன்று நானே குனிந்து வெளியே இழுத்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் கையளவு ஸ்பிரிங் மிச்சம் இருக்கும்போதே இரண்டாவது கப்பலின் சரக்கு பட்டறை வாசலில் வந்து இறங்கியது. முதல் கப்பல் அப்போதும் நின்ற இடத்தில்தான் நின்றது. செய்தியைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு. அன்று சாயங்காலம் அந்தப் பெண் எதுவும் கேட்காமலே படியிறங்கிப் போனாளாம். அண்ணி இதை இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றார். சூட்கேஸ் பீரோவின் மேல் ஏறியிருந்தது. தரை துடைத்துச் சுத்தமாகக் கிடந்தது.

"என்னம்மா, இடம் காலியா இருக்கு?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"எப்படியும் கொண்டாந்து தள்ளுவீங்கன்னு தெரியும்க்கா. அதான் முன்னாடியே பெருக்கி வெச்சேன்."

அண்ணி பெட்டியை உள்ளே தள்ளினார். பேச்சுக்குத்தான் உட்காரச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தே விட்டார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, சித்தப்பா டிவியும் கையுமாக நின்ற கதையை முதலிலிருந்து சொன்னார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய குதிகால் மெல்லப் பின்னால் போய், பெட்டி அங்கே இருக்கிறதா என்று ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வந்தது.