நம்ம ஆள்

அந்தத் தெருவில் பிளம்பரின் கை படாத குளியலறை அபூர்வம். அவர் இந்த நாட்டுக்குக் குடியேறி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது; வீடும் அங்கேயே வாங்கியாயிற்று. ஆனாலும் எதிர் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாசலில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

அந்த மனிதர் ஒரு சனிக்கிழமை தானாகவே வந்து சோபாவில் உட்கார்ந்ததும் பிளம்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெருமுனையில பழைய ஹாஸ்டல் பூட்டிக் கிடக்குதே, அதுல வெளிநாட்டு ஆளுங்களைக் குடிவைக்கப் போறாங்களாம். நாளைக்குப் பள்ளிக்கூட ஹால்ல கூட்டம். நீயும் வந்துடு."

"நானுமா?"

"பின்னே? நீ நம்ம ஆளாச்சே."

அவர் போனதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "என்னங்க, நாமளும் அப்படி ஒரு கட்டடத்துலதானே வந்து இறங்கினோம்?"

"சும்மா உட்கார்ந்துட்டு வந்துடலாம். அவர் வீடு தேடி வந்து கூப்பிட்டதே பெரிசு."

ஹாலில் டிரைவர் முன்வரிசையில் இவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பிளம்பரின் தோளில் கை போட்டுக்கொண்டார். யார் யாரோ பேசினார்கள். கடைசியில், "வேண்டாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றார்கள். சுற்றிலும் கைகள் எழுந்தன. தன் கையும் காது உயரத்துக்கு வந்துவிட்டதைப் பிளம்பர் அப்புறம்தான் பார்த்தார். வெடுக்கென்று இறக்கிக்கொண்டார். அதற்குள் மனைவி பார்த்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் கேட்டாள்: "நாம வந்தப்பவும் இப்படித்தான் கூட்டம் போட்டிருப்பாங்களோ?"



மறுநாள் காலை எதிர் வீட்டு வாசலில் நின்றபடியே பிளம்பர் டிரைவரிடம் சொன்னார்: "நேத்து நான் கையைத் தூக்கினது தப்புங்க. அவங்க வரட்டும்."

டிரைவர் சிரித்தார். "நீ வேற, அவங்க வேறப்பா."

"வேற இல்லைங்க. ஒரே அறையில ரெண்டு குடும்பம் இருந்தோம். இதே மாதிரி கட்டடம்தான்."

சிரிப்பு நின்றது. "அப்ப நீ அவங்க ஆளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் போட்டும் ஹாஸ்டலைத் திறந்து அவர்களைக் குடிவைத்துவிட்டார்கள். டிரைவர் வீட்டு வேலைக்கு வேறு பிளம்பர் வர ஆரம்பித்தான். ஹாஸ்டலில் குழாய் உடைந்தபோது இவரைக் கூப்பிட்டார்கள். வேலை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தவரிடம், கைக்குழந்தையோடு ஒரு பெண் இந்த நாட்டு மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "நீங்க இந்த ஊர்க்காரரா?"

"ஆமாம்மா, இந்தத் தெருதான்."

சட்டென்று வந்துவிட்டது. சொன்னது தான்தானா என்று ஸ்பேனரைப் பிடித்தபடி திகைத்து நின்றார். அவள் அதைக் கவனிக்கவில்லை. குழந்தைக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கடை வரைக்கும் கூடவே நடந்துபோய்க் காட்டினார்.