மெலிந்த மாகாளிக் கிழங்கு

பொய் ஒன்றை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கொடுத்தபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. நான்காம் நாள் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. என் குற்றம் அந்த ஐந்து மாதம்தான்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய எங்கள் அபார்ட்மெண்டில் குடியிருப்போரே சேர்ந்து ஒரு மளிகைக்கடை நடத்துகிறோம். மாகாளிக் கிழங்கு ஊறுகாய் கொடுக்க ஜோகுபாளையத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். காட்டில் கிழங்கெடுக்கும் சில குடும்பங்களிடம் நேராக வாங்கி, வீட்டிலேயே மோரில் ஊறப்போட்டு விற்பவர். துண்டுகள் மெலிந்திருந்தன. நமக்கோ மாகாளி என்றால் கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும். கடைக் கமிட்டி என் கருத்தைக் கேட்டது. சாம்பிளுக்கு அவர் கொடுத்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தும் திறக்கக்கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தே, ‘நன்னாரி வேர் கலந்த சரக்கு’ என்று எழுதினேன். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாட்ஸாப்பில் அந்தச் சீட்டு அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போய்விட்டது.

நான்காம் நாள் என் மனைவி அந்த பாட்டிலைத் திறந்தாள். வீடெல்லாம் மூட்டைப்பூச்சி வாசனை.

“இதுவா நன்னாரி? மூக்கைக் காலேஜ்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

மென்று பார்த்தேன். நாக்கு விறுவிறுத்தது. அசல் மாகாளி. அன்றிலிருந்து தினமும் அந்த பாட்டிலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து மாதம் கழித்து, பாட்டிலின் அடி தெரிந்த அன்று ஜோகுபாளையம் போனேன்.

“வாங்க மேஷ்ட்ரே. இன்னிக்காவது மூடியைத் திறப்பீங்களா?” என்றார் அந்தப் பெண்மணி; வாத்தியாருக்குக் கன்னடத்தில் மேஷ்ட்ரு. செய்ததைச் சொன்னேன். அவர் கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

“ஏன் மெலிசுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்? தாய்வேரை விட்டுட்டு, பக்கவேரை மட்டும் வெட்டி, மண்ணை மூடிட்டு வருவாங்க. செடி மறுபடி வேர் விடும். தடியா வேணும்னா செடியையே பிடுங்கணும். என்கிட்ட ஆர்டர் இல்லன்னு ஒரு குடும்பம் போன மாசமே மண்டிக்காரனுக்குப் பிடுங்கிக் கொடுத்துடுச்சு. மத்தவங்க எத்தினி நாள் காத்திருப்பாங்க?”

அருகிவரும் செடி என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான்.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். பக்கத்தில் ஊறுகாய்ப் பெண்மணி. மேசைமேல் ஒரு கிண்ணத்தில் நன்னாரி, இன்னொன்றில் அவருடைய மாகாளி. கமிட்டித் தலைவர் இரண்டாவதை முகர்ந்து, “ஐயய்யோ, மூட்டைப்பூச்சி!” என்று பின்வாங்கினார்.

“அதான் சார் அசல்,” என்றார் அந்தப் பெண்மணி. கூட்டமே சிரித்தது. கிழங்கு ஏன் மெலிசு என்பதையும் அவரே விளக்கினார்.

“அப்போ உங்க சர்ட்டிபிகேட்டு?” என்று ஒருவர் கேட்டார்.

“கிழித்துப் போடுங்கள். திறந்து பார்க்காமல் எழுதினேன். தெரிந்த பிறகும் மறைத்தேன்.”

அந்தச் சீட்டு போன குடியிருப்புகளுக்கெல்லாம் பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். இரண்டு இடத்தில் உள்ளே விடவில்லை. மற்ற இடங்களில் மூடியைத் திறந்து நீட்டினேன்; வாசனை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

பிடுங்கிய செடிகள் போனது போனதுதான். ஆனால் அந்தக் குடும்பம் இந்த சீசனில் அந்தப் பெண்மணியிடமே திரும்பி வந்துவிட்டது. லேபிளில் ‘மெலிசு மாகாளி’ என்றே அச்சடித்திருக்கிறார். போன வாரம் ஒரு வியாபாரி கட்டைவிரல் பருமனில் கிழங்கு கொண்டுவந்து எங்கள் கடை வாசலில் கூடையை இறக்கினார். இரண்டாம் மாடி அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இவ்ளோ தடியா இருக்கே, செடியையே பிடுங்கிட்டியாப்பா? எங்களுக்கு வேணாம், எடுத்துட்டுப் போ.”

கூடையை மறுபடி அவர் தலையில் தூக்கிவிட்டது மட்டும்தான் என் வேலை.