ஊசித் தடிப்பும் வேப்பிலையும்

"எதிலேர்ந்து எடுக்கிறாங்க?" – காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் மறுபடி கேட்டேன்.

"சிறுநீர்லேர்ந்து, அங்கிள். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களோட சிறுநீர். அதுலதான் இந்த ஹார்மோன் நிறைய இருக்கு."

மலாக்கா டவுனில் கலாவுக்குக் குழந்தைப்பேறு ஊசி போடும் டாக்டர், சர்வ சாதாரணமாகச் சொன்னார். கலா என் மருமகள். வயது முப்பத்தாறு. இனி காத்திருக்கக் காலமில்லை.

இவள் உடம்பில் ஏறியது இதுவா? அதிர்ந்துபோனேன். அடுத்து வந்ததுதான் இடி.

"என்னதான் சுத்தம் பண்ணாலும் வேற புரோட்டீன் கொஞ்சம் கூடவே தங்கிடும். சிலருக்கு ஒத்துக்காது. ஊசி போட்ட இடம் சிவக்கும், தடிக்கும். அதுக்கா பாதியில நிறுத்தினீங்க?"

நிறுத்தியது நான்தான்.

போன மாதம் கலாவுக்கு ஊசி போட்ட மேல்கையில் சிவப்புத் தடிப்பு. நாங்கள் குடியிருக்கும் ரெம்பியாவில், பக்கத்துத் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அப்போது அம்மை. உடனே வேப்பிலை ஒடித்து கேட்டில் செருகினேன். "ஆத்தா வந்திருக்கா. இறங்குறவரைக்கும் உடம்புல ஊசி படக்கூடாது!"

"நடுவுல விட்டா இந்த மாசமே போயிரும், மாமா..." கெஞ்சினாள். செங் வட்டாரத்து ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த மகன் நேரே குளிக்கப் போய்விட்டான். என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

சொன்னவன் யார்? ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். இதே பத்திரிகைப் பக்கத்தில் மூடநம்பிக்கையை வாரக்கணக்கில் கிழித்தவன்!

தடிப்பு சட்டென்று அமுங்கியது. கூடவே அந்த மாதத்து முயற்சியும் போயிற்று.

"இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு," என்றார் டாக்டர். "ஹாம்ஸ்டர்னு ஒரு எலி. அதோட செல்லை லேப்ல வளர்த்து, ஹார்மோனைச் செய்ய வைக்கிறாங்க. சிறுநீர் புரோட்டீன் தொல்லை இல்ல. ஆனா நூத்துக்கு நூறு சுத்தம்னு எந்த மருந்தையும் சொல்ல முடியாது. சிவந்தா ஒரு போன் பண்ணுங்க லா, அங்கிள்!"

சிறுநீர், எலி... எல்லாவற்றுக்கும் அதிர்ந்தேனே – வீட்டில் போன் இருந்தது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்தோம். கேட்டில் வேப்பிலை சருகாகத் தொங்கியது. பிடுங்கக் கை நீட்டினேன். "தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு."

கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், மாமா. பக்கத்துலயே டாக்டர் நம்பரையும் மாட்டிருங்க. புது ஊசி போட்டு மறுபடி ஆத்தா வந்தா, யார மொதல்ல கூப்பிடறதுன்னு தெரியணும் லா."

மாட்டிவிட்டேன். பெரிய எழுத்தில் – இந்த வீட்டில் பார்வை மங்கியவன் நான் ஒருவன்தானே!