பொங்காமல் இறக்கிய பால்

சிதம்பரத்தில் நாங்கள் ஒரு கூடம் நடத்தினோம். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு பிடி உயர்ந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். உயரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருடக்கணக்காக ஊரார் குரலை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள் நான். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்த பிறகு ஆபரேட்டருக்கு அங்கே நாற்காலி மட்டும்தான் மிச்சம். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது என் உடம்புக்கு ஒத்துவராது.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அதன் சொந்தக்காரர் எங்களுக்குத் திறந்துவிடுவார். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அப்போது ஊரில் நிறைய இருந்தார்கள். கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தால் எங்கள் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், பேச மட்டும் பேசாது. அவர்கள் வந்து உட்காரவும் டீ குடிக்கவும் நாலு வார்த்தை தமிழ் பழகவும்தான் அந்தக் கூடம்.

என்னோடு சேர்ந்து இதை ஆரம்பித்தவர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. எல்லாருக்கும் அவர் நர்ஸக்கா. காலையில் சர்ச், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சுண்டலோடு கூடம், இதுதான் அவருடைய ஞாயிறு. ஆட்டோக்காரரை 'அண்ணே' என்று கூப்பிட்டால் பாதிச் சண்டை குறையும், சாப்பிட்டு முடித்தபின் இலையை நம் பக்கமாக மூட வேண்டும், 'எங்க போறீங்க' என்று யாராவது கேட்டால் அது விசாரணை இல்லை, வெறும் அன்பு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயைத் தமிழில் திறந்துவிட்டவர்கள் நாங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் கடலூர் போலீஸ் ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். முதல்முறை போகிறவர்களோடு நாங்களும் பஸ் ஏறுவோம். நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். துறைமுகத்துக்காரிக்கு வேற்றூர் முகம் என்ன புதிதா? ஒருமுறை அங்கிருந்த ஓர் அதிகாரி, "நீங்க இவுங்களுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார். நர்ஸக்கா யோசிக்கவே இல்லை. "அக்கா" என்றார். அதிகாரி எங்களையும் அந்தப் பையன்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வேலை சீக்கிரம் முடிந்தது.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து என்று நினைக்கிறேன். உகாண்டாவிலிருந்து விவசாயத்தில் ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஒருவர் எங்கள் கூடத்துக்குத் தவறாமல் வருவார். அடக்கமான மனிதர். அவருடைய மனைவியும் நடை பழகும் பெண் குழந்தையும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஹாஸ்டலில் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. நர்ஸக்காவின் முன்னறையில் பெட்டியோடு தங்கினார்கள். நர்ஸக்காவின் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மனைவியையும் குழந்தையையும் திருப்பி அனுப்பிவிடுவதாக அவர் சொன்னார். அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே குழந்தையின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

நான் போனில் பேசினால் வீடு காலியாக இருக்கும். நேரில் இவர்களைக் கூட்டிக்கொண்டு போனால், "அடடா, இப்பதாம்மா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். ஒரு வீட்டில் டு-லெட் பலகை எங்கள் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளைக் கேட்டேன், "அந்த ஒருத்தருக்கு ஊரு பூரா வீடு வேணுமாமா?" நர்ஸக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் புவனகிரி போகிற சாலைப் பக்கம் ஒரு பின்கட்டு வீடு அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கணவர் இல்லை, மகன் வெளியூரில். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இவர்களை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தை மாட்டைப் பார்த்துவிட்டு அதனிடமே போனது. அந்த அம்மாள் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"நான் குடி வெக்கிறேன். ஆனா நல்ல நாள் பாத்து முறையா பால் காய்ச்சணும். ஏனோதானோன்னு பண்ணா எனக்கு ஆவாது. நல்லபடியா நடந்தா அன்னைக்கே பெட்டி படுக்கையோட வந்துடட்டும்" என்றார்.

எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூடத்திலும் நர்ஸக்கா வீட்டிலுமாக அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தோம். வலது காலை வைத்து உள்ளே வர வேண்டும், உப்பும் மஞ்சளும் முதலில் போக வேண்டும், அடுப்புக்குப் பொட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கருத்தாகக் கேட்டுக்கொண்டாள். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது பாடம் நடத்துவார்களா? அதுபோல்தான் எங்களுக்கு அது. பால் காய்ச்சுவது என்று சொல்லிவிட்டால் பொங்குவதும் அதில் அடக்கம்.

அந்தக் காலை நன்றாகத்தான் தொடங்கியது. நர்ஸக்காவின் மண்ணெண்ணெய் ஸ்டவ், என் புதுப் பாத்திரம், அம்மாள் அப்போதுதான் கறந்து கொண்டுவந்த பால். வேடிக்கை பார்க்கத் தெருப்பெண்கள் இரண்டு பேர் வாசற்படியில் நின்றார்கள். அந்தப் பெண் நர்ஸக்காவின் பட்டுப்புடவையில் நிமிர்ந்து நின்று ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் சூடேறியது, ஓரங்கள் நுரைத்தன, நடுவில் மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தது. வீட்டுக்கார அம்மாள் கைகூப்பினார்.

அடுத்த நொடி அந்தப் பெண் குனிந்து, வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கித் தரையில் இறக்கிவிட்டாள்.

நுரை அடங்கிப்போனது. ஒரு சொட்டுகூட வழியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"பொங்கறத எறக்கிப்புட்டாளே" என்று வாசற்படியில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

வீட்டுக்கார அம்மாள் கூப்பிய கையைப் பிரித்தார். "வேணாம்மா. மனசுக்குச் சரியா படல. வேற எடம் பாத்துக்குங்க."

எனக்கு வந்ததே கோபம். தெரியாமல் செய்ததற்கு இவ்வளவா, ஒரு குழந்தையோடு அவள் எங்கே போவாள் என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அம்மாளும் விடவில்லை. "எம் வூட்டுக்கு நல்லது கெட்டது நான்தானே பாக்கணும்?" என்றார். எங்கள் இரண்டு பேர் குரலையும் தாண்டி அந்தக் கணவர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். நர்ஸக்கா என்னைப் பார்த்து, "செத்த நேரம் வாய மூடு. அவரு சொல்றத அவுங்களுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னது இதுதான். மனைவியின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ப்பு. பால் பொங்கி நெருப்பில் விழுந்தால் அதைக் கொடுத்த மாட்டின் மடி வற்றிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. சின்ன வயதிலிருந்து அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். பொங்குகிற பாலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ லைன் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கொடுத்ததுபோல் ஒன்று கொடுத்ததில்லை.

அம்மாள் குனிந்து தரையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், "எந்த மாட்டுக்காக எறக்குனா?"

"உங்க மாட்டுக்குத்தாங்க்கா. வேற எந்த மாட்டுப் பாலு அது?"

அவர் அந்தப் பெண்ணின் அருகில் போய்க் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல்கள் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தன. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, எங்கள் கூடத்தில் கற்ற தமிழில், "மாடு பாவம்" என்றாள். அம்மாள் கையை விட்டுவிட்டு மளமளவென்று வெளியே போனார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். நர்ஸக்கா பட்டுப்புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அம்மாளின் ஒரு கையில் உரித்த சோற்றுக்கற்றாழை, இன்னொரு கையில் சின்னப் பானையில் தண்ணீரும் பச்சரிசியும்.

"பாலு வேணாம். அரிசி பொங்கட்டும். அதுக்கு ஏதாச்சும் தடை இருக்குதான்னு கேளு" என்றார்.

கேட்டேன். அவள் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். அரிசிக்கு அவர்கள் ஊரில் ஒரு தடையும் இல்லை.

பானையை ஏற்றினோம். கஞ்சி பொங்கி நாலு பக்கமும் வழிந்தது, ஸ்டவ்வே பாதி அணைந்துபோனது. அந்தப் பெண் இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எங்கள் கூடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கற்றுக்கொண்டார்கள். அன்று கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நெஞ்சு நிமிர்த்தித்தான் சொல்வேன்.

வாசற்படிப் பெண்ணுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இருந்தாலும் பாலு பொங்காம குடி வெக்கிறது..." என்று இழுத்தாள்.

வீட்டுக்கார அம்மாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கி வைத்திருந்த பாலை ஒரு டம்ளரில் எடுத்து ஆற்றினார். தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

"பொங்கியிருந்தா இது தரையிலதான் போயிருக்கும்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னா மரம் மாதிரி நிக்கிற? போயி அவுங்க பெட்டிய எடுத்தாரச் சொல்லு."